விமான ஆர்வலருக்கு ஹாம் வானொலியின் முதல் கருவி: ஆர்டிஎல்-எஸ்டிஆர் அலைவாங்கி, ஒரு மதிப்புரை

விமானங்களை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களில் பலர், ஏதோ ஒரு கட்டத்தில் அவற்றின் பேச்சையும் கேட்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசைதான் அவர்களில் சிலரை, உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலியின் வாசலுக்குக் கொண்டுவருகிறது. அங்கே வந்து நிற்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை, பேசவும் கேட்கவும் உதவும் கையடக்கமான ஒரு டிரான்ஸீவரை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே. அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. தேர்வெழுதி உரிமம் பெறும்வரை அதில் ஒரு வார்த்தை பேச முடியாது. சில நாடுகளில் உரிமம் இல்லாமல் அத்தகைய கருவியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். ஆகவே, கணினியின் யுஎஸ்பி துளையில் செருகக்கூடிய, கட்டைவிரலைவிடச் சற்றே பெரிதான ஆர்டிஎல்-எஸ்டிஆர் அலைவாங்கியை முதலில் வாங்கினேன். உரிமம் பெறுவதற்கு முன்பும் பின்பும் அதைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். விமானப் பேச்சைக் கேட்கும் கருவியாக அது சுமார்தான். ஹாம் வானொலியைக் கற்றுக்கொடுக்கும் கருவியாக அதைவிட நல்லதொன்றை நான் இதுவரை தொட்டதில்லை.

இந்தக் கருவியின் பூர்வீகம் சுவையானது. தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சியைக் கணினியில் பார்ப்பதற்காகச் சந்தைக்கு வந்த மலிவான டாங்கிள்தான் இது. அதனுள் இருக்கும் ஆர்டிஎல்2832யு என்ற சில்லு, ஆன்டெனாவில் விழும் அலையைப் படமாக மாற்றாமல், அதன் மாதிரிகளை அப்படியே கணினிக்கு அனுப்ப வல்லது என்பதை 2012-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஆன்ட்டி பலோசாரி வெளிப்படுத்தினார். அதன்பின் வடிகட்டுவது, பண்பேற்றத்தை (அலைமீது ஏற்றிய குரலை) பிரிப்பது, ஒலியாக்குவது ஆகிய வேலைகள் அனைத்தையும் மென்பொருள் ஏற்றுக்கொண்டது. ஆர்820டி2 என்ற டியூனர் பொருத்திய வகையில் ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம். நின்ற இடத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டை ஒரே நேரத்தில் திரையில் பார்க்கலாம். விமானப் பேச்சு நடைபெறும் 118 முதல் 137 வரையிலான பட்டை முழுவதையும் பார்க்க இப்படி எட்டுத் துண்டுகள் வேண்டும் என்றாலும், ஒரு துண்டில் எத்தனை அலைவரிசைகள் உயிருடன் இருக்கின்றன என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவித் தாவித் தேடும் கையடக்கக் கருவியால் இது இயலாது.

இதே சில்லுகளை வைத்துப் பலர் பலவிதமாகச் செய்து விற்கிறார்கள் என்பதால், வாங்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. நான் முதலில் வாங்கியது பெயரில்லாத, பிளாஸ்டிக் கூடு போட்ட ஒன்று. அத்தகையவற்றில் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிக அலையியற்றி, சூடு ஏற ஏற நகர்ந்துகொண்டே போகும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிழை என்றால் கேட்கச் சிறியதாகத் தோன்றும். 145 மெகாஹெர்ட்ஸில் அது ஏழு கிலோஹெர்ட்ஸுக்கும் அதிகம். திரையில் குறித்த இடத்தில் சைகை (சிக்னல்) இல்லாமல் பக்கத்தில் தேடிக் கண்டுபிடித்து, அரைமணி நேரம் கழித்து அங்கிருந்தும் அது விலகியிருப்பதைக் கண்டு, பழுது ஆன்டெனாவில்தான் என்று பல நாட்கள் ஆன்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வெப்பநிலை ஈடுசெய்த அலையியற்றி உள்ள வகையில் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. அதே 145 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 145 ஹெர்ட்ஸ். உலோகக் கூடும் எஸ்எம்ஏ இணைப்பும் கொண்ட வகையாக இருந்தால் இன்னும் நல்லது. கூடு வெப்பத்தை வெளியேற்றுவதோடு கணினியின் இரைச்சலையும் ஓரளவு தடுக்கிறது.

நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் ஜாடிக் என்ற சிறு நிரலைக் கொண்டு தொலைக்காட்சிக்கான டிரைவரை அகற்றி வேறொன்றை வைக்க வேண்டும். தவறான யுஎஸ்பி கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் விசைப்பலகையோ சுட்டியோ வேலைநிறுத்தம் செய்யும் என்பதால் அந்த ஒரு நிமிடம் நிதானமாக இருக்கவும்.

பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடம் 1090 மெகாஹெர்ட்ஸ். நானும் அங்கேதான் போனேன். விமானங்களின் டிரான்ஸ்போண்டர்கள் ஏடிஎஸ்-பி முறையில் தம் இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே அறிவித்துக்கொண்டிருக்கும் அலைவரிசை அது. ஓர் அறிவிப்பு 112 பிட்டுகள் கொண்டது; முன்னறிவிப்புத் துடிப்புகளையும் சேர்த்து 120 மைக்ரோநொடியில் முடிந்துவிடுகிறது. அதைப் பிரித்து வரைபடத்தில் காட்டும் டம்ப்1090 என்ற மென்பொருளைத் தொடங்கியவர், ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய சால்வடோர் சான்ஃபிலிப்போ. நிறுவிய அன்று மாலையிலேயே தலைக்கு மேல் போகும் விமானத்தின் பெயரும் உயரமும் என் திரையில் வந்தன. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய அதே படத்தை என் வீட்டிலேயே வரைந்துகொண்டேன் என்பதைத் தவிர அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்பது ஒரு வாரத்தில் புரிந்தது. கருவியோடு வந்த ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கால் அலைநீளமான 6.9 சென்டிமீட்டருக்கு ஒரு கம்பியை வெட்டித் தகர மூடியின் நடுவே நிறுத்திப் பார்த்த பிறகுதான் காரியம் சூடுபிடித்தது. கம்பியைச் சற்று நீட்டினால் என்ன ஆகிறது, சாளரத்துக்கு வெளியே வைத்தால் என்ன ஆகிறது என்பதெல்லாம் தெரியும் விமானங்களின் எண்ணிக்கையாக உடனுக்குடன் கண்முன் வந்து நின்றன. ஆன்டெனாவைச் சோதிக்க இவ்வளவு தாராளமான அளவுகோல், புதிதாக வரும் வேறு எந்த ஹாமுக்கும் கிடைப்பதில்லை.

கேபிளின் பாடமும் அங்கேதான் கிடைத்தது. ஆன்டெனாவை மாடிக்குக் கொண்டுபோய், கையில் இருந்த பத்து மீட்டர் ஆர்ஜி-58 கேபிளால் இணைத்தேன். உயரம் கூடியிருந்தும் பலன் கூடவில்லை. அந்த மெல்லிய கேபிள், 1090 மெகாஹெர்ட்ஸில், பத்து மீட்டர் தூரத்துக்குள் சைகையின் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. அலைவாங்கியையே ஆன்டெனாவின் அடியில் வைத்துவிட்டு, அங்கிருந்து யுஎஸ்பி கேபிளை இறக்கியபோது படம் மாறியது. இதே கேபிள் 14 மெகாஹெர்ட்ஸில் இவ்வளவு தின்பதில்லை என்பதையும், அதிர்வெண் ஏற ஏறக் கேபிளின் பசியும் ஏறும் என்பதையும் பின்னர் தேர்வுப் பாடத்தில் படித்தபோது, ஏற்கெனவே கைபட்ட சங்கதியாக இருந்தது.

பேச்சைக் கேட்கத் தொடங்கியபோது இன்னொரு புதிர் எதிர்ப்பட்டது. விமானிகளின் குரல் தெளிவாகக் கேட்கிறது. அவர்களுக்குப் பதில் சொல்லும் தரைக் கட்டுப்பாட்டாளரின் குரல் அறவே கேட்கவில்லை. தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது போன்ற இந்த அரைகுறை உரையாடலைக் கருவியின் குறை என்று எண்ணி, திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குறை கருவியில் இல்லை. பூமி உருண்டையாக இருப்பதில் இருக்கிறது. இந்த அலைவரிசைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. ஓர் ஆன்டெனாவின் வானொலித் தொடுவானம் எவ்வளவு தூரம் என்பதை அறிய, அதன் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அது 412 கிலோமீட்டர். பத்து மீட்டர் உயரத்தில் உள்ள என் ஆன்டெனாவுக்கு 13 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 425 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் விமானியின் குரல் வந்து சேரலாம். கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதற்கும் எனக்கும் இடையே எட்டக்கூடிய தூரம் 36 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஹாம்கள் ஏன், சைகையை வாங்கி மறுபடி அனுப்பும் தம் ரிப்பீட்டரை மலையுச்சியில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதை இதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விமானப் பட்டையில் அலைவாங்கியை ஏஎம் (அலையின் வலுவை மாற்றிக் குரலை ஏற்றும் முறை) நிலையில் வைத்தால்தான் பேச்சு புரியும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பண்பலைக்குப் பழகியவர்கள் அதே எஃப்எம் நிலையில் விட்டுவிட்டுத் திண்டாடுவதுண்டு. அலைநீளத்தால் பெயர் பெற்ற ஹாம்களின் 2 மீட்டர் பட்டையில் ரிப்பீட்டர்கள் எல்லாம் எஃப்எம்மில் இயங்க, விமானத் துறை மட்டும் பழைய ஏஎம் முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சைகை மற்றதை அடியோடு அமுக்கிவிடும். அமுங்கியவர் பேசியதே யாருக்கும் தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி ஒரு சீழ்க்கை ஒலி எழும்பும். யாரோ குறுக்கே பேசியிருக்கிறார் என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடுவதால், மறுபடி சொல்லச் சொல்வார். அந்தச் சீழ்க்கையைக் காதால் கேட்கும்போதே, குரலைச் சுமந்து வரும் இரண்டு ஊர்தியலைகள் சில நூறு ஹெர்ட்ஸ் இடைவெளியில் அக்கம்பக்கமாக நிற்பதைத் திரையில் கண்ணாலும் பார்க்கலாம். பண்பேற்றத்தைப் பற்றிப் பாடநூலில் பத்துப் பக்கம் படித்தும் பிடிபடாத ஒன்று, இரண்டு விமானிகளின் அவசரத்தில் எனக்குப் பிடிபட்டது.

கருவியின் உண்மையான குறைகளுக்கு வருகிறேன். சைகையை எண்ணாக மாற்றும் பகுதி 8 பிட் அளவே கொண்டது. மிக வலுவான சைகையையும் மிக மெல்லிய சைகையையும் ஒரே நேரத்தில் தாங்க அதனால் முடியாது. விமானப் பட்டைக்குச் சற்றுக் கீழே, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, பண்பலை நிலையங்கள் பெரும் வலுவுடன் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. முன்வாயிலில் வடிகட்டி ஏதும் இல்லாத இந்த அலைவாங்கி அவற்றின் வலுவில் திணறி, விமானி பேச வேண்டிய இடத்தில் பாட்டைக் கேட்கவைக்கும். சைகையின் பெருக்கத்தை (கெயின்) முழுமையாக ஏற்றி வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு, நானும் செய்தேன். குமிழைக் கீழே இறக்க இறக்க, போலிச் சைகைகள் மறைந்து உண்மையானவை மட்டும் எஞ்சுவதைப் பார்க்கும்போது, அலைவாங்கிக்கு அதிகம் கேட்பதைவிட வேண்டாததைக் கேட்காமலிருப்பது முக்கியம் என்பது தெளிவாகிறது. அதுவும் போதவில்லை என்றால், பண்பலைப் பட்டையை மட்டும் தடுக்கும் வடிகட்டி ஒன்றை இடையில் சேர்க்கலாம். இந்தக் கருவிக்கு நான் வாங்கிய துணைப் பொருள்களில் பணத்துக்கு முழுப் பலன் தந்தது அதுதான். எல்இடி விளக்கு, கைபேசி சார்ஜர், கணினி ஆகியவற்றின் இரைச்சல் வேறு தொல்லை. ஒவ்வொன்றாக அணைத்து, திரையில் எந்தக் கோடு மறைகிறது என்று பார்த்துப் பார்த்தே என் வீட்டின் இரைச்சல் வரைபடத்தைத் தயாரித்தேன். பிறகு ஹாம் நிலையம் அமைத்தபோது அது நேரடியாகப் பயன்பட்டது.

சிற்றலையில் இது கைவிட்டுவிடுகிறது. பெருங்கடல்களைக் கடக்கும் விமானங்கள், ஹாம்களின் சிற்றலைப் பட்டைகளுக்கு அண்டை வீட்டில், ஒற்றைப் பக்கப்பட்டை என்ற வேறொரு பண்பேற்ற முறையில் பேசுகின்றன; அயர்லாந்தின் ஷானன் நிலையம் விமானிகளுக்கான வானிலை அறிக்கையை 5505, 8957, 13264 கிலோஹெர்ட்ஸ்களில் வாசிக்கிறது. இரவில் தாழ்ந்த அதிர்வெண்ணும் பகலில் உயர்ந்ததும் எடுபடுவதை இத்தகைய நிலையங்களைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம். ஆனால் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே டியூனர் இறங்காது. அதைத் தவிர்த்து நேரடியாக மாதிரி எடுக்கும் வசதி சில வகைகளில் இருந்தாலும், அது பெயருக்குத்தான் என்பது என் கருத்து. சிற்றலைதான் உங்கள் ஆர்வம் என்றால் இந்தக் கருவியை வாங்க வேண்டாம்.

விமானப் பட்டை 137-இல் முடிய, ஹாம்களின் 2 மீட்டர் பட்டை 144-இல் தொடங்குகிறது. இடையே ஏழு மெகாஹெர்ட்ஸ்தான். 125 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய 60 சென்டிமீட்டர் கம்பியை 52 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருந்திவிடும்; சுருக்காவிட்டாலும் கேட்பதற்கு அது போதும். நான் ஒரு மாலையில் சுட்டியை அந்த ஏழு மெகாஹெர்ட்ஸ் வலப்பக்கம் நகர்த்தியதுதான் ஹாம் வானொலிக்குள் நான் வைத்த முதல் அடி. அங்கே பேசியவர்களின் மொழி எனக்கு அந்நியமாக இல்லை. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கூட்டும் முறை விமானிகளுடையது. கியூஎன்ஹெச் என்று விமானி வளியழுத்தம் சொல்வதும், கியூடிஹெச் என்று ஹாம் தன் இருப்பிடம் சொல்வதும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான ஒரே கியூ குறியீட்டுக் குடும்பத்தின் இரண்டு கிளைகள். விமானப் பதிவெண்களைப் பார்த்தே நாட்டைச் சொல்லிப் பழகியவருக்கு இன்னொரு சலுகையும் காத்திருக்கிறது. பதிவெண்ணின் முன்னெழுத்தும் ஹாமின் அழைப்புக்குறியின் முன்னெழுத்தும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்கு ஒதுக்கிய ஒரே பட்டியலிலிருந்து வருபவை. சிங்கப்பூர் விமானத்துக்கு 9வி என்றால் அங்குள்ள ஹாமுக்கும் 9வி. ஜெர்மனியில் விமானத்துக்கு டி, ஹாமுக்கு டிஎல் முதலியவை. இந்திய விமானத்தின் விடி-யும் இந்திய ஹாமின் வியு-வும் ஒரே ஒதுக்கீட்டின் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டின் மீது ஆசை உள்ளவர்கள் 108 முதல் 118 வரை தேடிப் பார்க்கலாம். அருகில் விஓஆர் வழிகாட்டி நிலையம் இருந்தால், அது தன் மூன்றெழுத்துப் பெயரை மெதுவான மோர்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். 2003-இல் நடந்த உலக வானொலி மாநாட்டுக்குப் பின் ஹாம் தேர்வில் மோர்ஸைக் கட்டாயமாக்குவது அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடப்பட்டுவிட்டது; இருந்தாலும் மூன்றெழுத்துகளைக் காதால் கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் என்றே நான் அதை நினைத்துக்கொள்கிறேன். அதிலுள்ள ஹாம் கருவி 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது, வெறும் கம்பி ஆன்டெனாவிலும் எடுபடுகிறது. நெருங்கி வரும்போது சைகை மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏறி நின்று, தலையைக் கடந்ததும் அதே அளவு இறங்கிவிடும் டாப்ளர் வளைவைத் திரையில் முதன்முதலில் பார்த்த நாளில்தான் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தேன்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. விமானப் பேச்சைக் கேட்பதற்குச் சில நாடுகளில் தடையில்லை, சில நாடுகளில் தடை உண்டு. கேட்டதைப் பிறரிடம் பகிர்வதற்குத் தனியாகக் கட்டுப்பாடு விதிக்கும் நாடுகளும் உள்ளன. கருவி வாங்குமுன் உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளவும். அடுத்தது, ஹாம் உரிமம் விமானப் பட்டையில் பேசுவதற்கான உரிமம் அல்ல. விமானப் பட்டையையும் கேட்கவைக்கும் கையடக்கக் கருவிகளில் சிலவற்றை, மென்பொருளை மாற்றி அங்கேயே பேசவும் வைக்கலாம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு; அவர்களிடமிருந்து விலகியிருப்பது நல்லது. இந்த டாங்கிளுக்கு அனுப்பும் திறனே இல்லை என்பதை, கற்றுக்கொள்ளும் காலத்தில் அதன் சிறப்பாகவே கருதுகிறேன். எதைத் தட்டினாலும் யாருக்கும் இடையூறு நேராது. மறுபக்கம், தவறான நீளத்தில் வெட்டிய ஆன்டெனாவை அது மன்னித்துவிடுவதால், அனுப்பும் கருவி அப்படி மன்னிக்காது, திரும்பி வரும் ஆற்றல் கருவியையே பதம் பார்க்கும் என்ற பாடத்தை மட்டும் இதில் கற்க முடியாது.

உரிமம் கிடைத்ததும் 5 வாட் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கினேன். டாங்கிளை ஓய்வுக்கு அனுப்பவில்லை. மாறாக, இரண்டாவதாக ஒன்றை வாங்கினேன். ஒன்று ஒரு நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸைத்தான் பார்க்கும் என்பதால், 1090-ஐயும் 144-ஐயும் சேர்த்துப் பார்க்க இரண்டு தேவை. தொடுவானத்துக்கு அப்பால் உள்ள நிலையங்களுடன் விமானங்களின் உடலில் சைகையை மோதவிட்டுப் பேசும் கலை ஹாம்களிடையே உண்டு. இரு நிலையங்களுக்கும் நடுவே, இருவருக்கும் தெரியும் உயரத்தில் ஒரு விமானம் சில நிமிடங்கள் இருந்தால் போதும். அதில் பேசுமளவுக்கு எனக்கு இன்னும் ஆற்றலோ ஆன்டெனாவோ இல்லை. ஆனால் கேட்க முடிகிறது. 144 மெகாஹெர்ட்ஸில் தொலைதூர பீக்கன் (ஓயாமல் ஒரே சைகையை அனுப்பும் நிலையம்) ஒன்றின் மங்கலான நேர்க்கோடு, நேரம் செல்லச் செல்லக் கீழே நகரும் திரையில் இறங்கிக்கொண்டிருக்க, சில நேரங்களில் அதன் பக்கத்தில் சாய்வாக இன்னொரு கோடு தோன்றி, நேர்க்கோட்டை நெருங்கி, குறுக்கே வெட்டி, மறுபக்கம் போய் மறைகிறது. அப்போது பக்கத்துத் திரையின் வரைபடத்தைப் பார்த்தால், பீக்கனையும் என் வீட்டையும் இணைக்கும் கோட்டை ஒரு விமானம் அந்த நிமிடத்தில்தான் கடந்திருக்கிறது. அதன் பதிவெண்ணும் அங்கேயே எழுதியிருக்கிறது.